'வயலேட்டர்': பதினாறு வயதில் கேட்டதை மறுபடி கேட்பது

டெபெஷ் மோட் என்ற இங்கிலாந்து எலெக்ட்ரானிக் பாப் குழுவின் 'வயலேட்டர்' ஆல்பம் 1990 மார்ச்சில் வெளியானது. அடுத்த வருஷமே அது வேலூரில் என் கையில் இருந்தது என்றால் அதற்குக் காரணம் தோல் வியாபாரம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நெடுகத் தோல் பதனிடும் ஊர்கள். இங்கிருந்து தோலும் ஷூவும் ஐரோப்பாவுக்குப் போகும். வியாபாரமாக அங்கே போய் வருகிறவர்கள் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டு வருவார்கள். வீட்டில் இளவட்டம் இருந்தால் கேசட்டும் வரும். என்னோடு படித்த மேல்விஷாரத்து நண்பனின் அண்ணன் இத்தாலியிலிருந்து கொண்டு வந்த பையில் இந்த ஆல்பம் இருந்தது. கறுப்பு அட்டையில் ஒரே ஒரு சிவப்பு ரோஜா. அதன் பாட்டுகளில் ஒரு பகுதியை இத்தாலியின் மிலான் நகரத்து ஸ்டுடியோவில்தான் பதிவு செய்தார்கள் என்பது ரொம்ப காலம் கழித்துப் படித்துத் தெரிந்துகொண்டது.

ஒரிஜினலைத் தர அண்ணன் சம்மதிக்கவில்லை. இரண்டு கேசட் போடும் டபுள் டெக்கில் போட்டு காபி எடுத்துக்கொள்ளச் சொன்னார். என்னிடம் இருந்தது 90 நிமிடக் கேசட். ஒரு பக்கம் ஏற்கெனவே இளையராஜா பாட்டுகள். லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர் ஒன்றில் காத்திருந்து வாங்கியவை, அவற்றை அழிக்க மனசு வரவில்லை. ஆக, மிச்சம் இருந்தது ஒரு பக்கம், 45 நிமிடம். 'வயலேட்டர்' மொத்தம் ஏறத்தாழ 47 நிமிடம் ஓடும். கடைசிப் பாட்டான 'க்ளீன்' முடிவதற்கு முன்பே டேப் தீர்ந்து, பட்டன் டக்கென்று எழும்பிவிடும். என் பதின்ம வயது முழுக்க அந்த ஆல்பத்துக்கு முடிவு கிடையாது. பாட்டு உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும், அவ்வளவுதான்.

2022 மே 26 அன்று அந்தக் குழுவின் ஆண்ட்ரூ ஃப்ளெட்சர் இறந்துபோனார். அவருக்கு 60 வயது. செய்தியைப் படித்த அன்றே ஆல்பத்தை முழுசாக ஒருமுறை கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டேன், பலமுறை, பலவிதமாக. அதில் கற்றுக்கொண்டதை, இதுபோல ஒரு பழைய ஆல்பத்தைத் திரும்ப எடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். அது டெபெஷ் மோடாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெட் ஷாப் பாய்ஸோ, அ-ஹாவோ, உங்களுக்கு எது அந்த வயதில் காதில் விழுந்ததோ அது.

முதலில் கேசட். உங்களிடம் பழைய கேசட் இருந்தால், எடுத்த உடனே பிளேயரில் போட்டுவிடாதீர்கள். வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சூட்டில் பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த டேப் சுற்றோடு சுற்று ஒட்டியிருக்கலாம். ஒரு பென்சிலைப் பல்சக்கரத்தில் நுழைத்துக் கையால் மெதுவாகக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் நகர்ந்தால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு முழுசாக ஓட்டி, திருப்பி ஓட்டுங்கள். டேப் தளர்ந்து சீராகும். விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அந்தக் கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். அதை ஓட்டினால் பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் போகும். அப்புறம், கேசட்டின் வாய்ப்பக்கத்தில் சின்ன தகட்டின் மேல் ஒரு பஞ்சுத் துண்டு இருக்கும். டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பழைய கேசட்டுகளில் பசை காய்ந்து அது உதிர்ந்துவிடும். உதிர்ந்திருந்தால் சத்தம் மங்கும், ஏறி இறங்கும். வேண்டாத ஒரு கேசட்டிலிருந்து அதை எடுத்து மாற்றிவிடலாம். டேப் அறுந்திருந்தால் செலோடேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் கசிந்து பக்கத்துச் சுற்றுகளில் எல்லாம் பரவும். ஒட்டுவதற்கென்றே தனி டேப் இருக்கிறது, ஆன்லைனில் கிடைக்கிறது.

அடுத்தது பிளேயர். வீட்டில் இருந்த டூ-இன்-ஒன்னை, அதாவது ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பெட்டியை, லாங் பஜார் பக்கத்தில் ஒரு சந்தில் இருக்கும் மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். மிக்ஸிக்கும் டேபிள் ஃபேனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர் மூடியைத் திறந்து பார்த்தார். "இன்னா சார், இத இன்னும் வச்சிக்கினு கீறீங்க? பெல்ட்டு கரைஞ்சி தாராட்டம் கீது பாருங்க" என்றார். உள்ளே ரப்பர் பெல்ட் நிஜமாகவே கறுப்புக் குழம்பாகி சக்கரத்தில் வழிந்திருந்தது. அதைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, வேறொரு மெஷினின் பெல்ட்டைப் பொருத்தினார். டேப்பை இழுக்கும் ரப்பர் உருளை இறுகிப் பளபளத்திருந்ததை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டார். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து ஹெட்டைத் துடைப்பதை மட்டும் நீங்களே வீட்டில் செய்யலாம். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடையுங்கள், காய்ந்த பிறகு கேசட்டைப் போடுங்கள்.

அவர் சொல்லிக் கொடுத்த ஒரு விஷயம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரியது. ஹெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. ஹெட் டேப்புக்குச் சரியான செங்குத்தில் நிற்கிறதா என்பதை அதுதான் தீர்மானிக்கும். என் கேசட் பதிவானது மேல்விஷாரத்தில் வேறொரு மெஷினில். அந்த மெஷினின் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வில் இதுவும் நின்றால்தான் மேல் ஸ்தாயிச் சத்தங்கள் முழுசாக வரும். பாட்டை ஓட விட்டு, ஸ்க்ரூவைத் தலைமயிர் அளவு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பினார். கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல இருந்த சத்தம் ஒரு இடத்தில் சட்டென்று திறந்துகொண்டது. டிரம்ஸில் ஹை-ஹாட் தட்டுகளின் சிணுங்கல் வெளியே வந்தது. "அங்கயே நிறுத்துங்க" என்று நான் சொல்வதற்குள் அவரே நிறுத்தியிருந்தார். கேசட் மங்கிவிட்டது என்று தூக்கிப் போடுகிற பலர் இந்த ஒரு ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஒன்று மட்டும், வேறு கேசட் போடும்போது அதற்கேற்ப மறுபடி சரிசெய்ய வேண்டும்.

சரியானதும் முதல் வேலையாக கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். இன்னொருமுறை பெல்ட் கரையும்வரை காத்திருக்க வேண்டாம். ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு வயர், அதை வாங்கிக்கொள்ள யூ.எஸ்.பி.-யில் செருகும் சின்ன ஆடியோ பெட்டி, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருள், இவை போதும். லேப்டாப்பில் இருக்கும் மைக் துளையில் நேரடியாகச் செருகினால் பெரும்பாலும் ஒற்றைச் சேனல்தான் பதிவாகும், சத்தமும் உடையும். பதியும்போது மென்பொருள் காட்டும் சத்தத்தின் அளவுக்கோடு பூஜ்யத்தைத் தொடாமல், ஒரு ஆறு டெசிபலாவது கீழே இருக்கட்டும். எம்.பி.3-ஆகச் சுருக்காமல் வேவ் அல்லது ஃபிளாக் வடிவத்தில் சேமியுங்கள். டேப்பின் 'உஸ்' சத்தத்தை மென்பொருளால் நீக்கலாம்தான். கொஞ்சம் கூடினாலும் அது பாட்டின் மூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். நான் அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

கேசட் இல்லாதவர்கள் ஸ்ட்ரீமிங்கில்தான் கேட்பார்கள். தப்பில்லை. ஆனால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இந்த ஆல்பத்தை 2006-இல் புதுசாக மாஸ்டர் செய்து, அதாவது ஒலியை மறுபடி சீராக்கி, வெளியிட்டார்கள். கூடவே சிங்கிள்களாக, அதாவது தனிப்பாட்டாக, வந்த சின்ன வடிவங்கள், ரீமிக்ஸ்கள், தொகுப்புகள் என்று ஒரே பாட்டு பல இடங்களில் இருக்கும். பாட்டின் நீளத்தைப் பார்ப்பதுதான் சுலபமான வழி. 'என்ஜாய் தி சைலன்ஸ்' சிங்கிளாக வந்தபோது நாலேகால் நிமிடம். ஆல்பத்தில் அது ஆறு நிமிடத்துக்கு மேல். ஏனென்றால் பாட்டு முடிந்ததும் பெயர் போடாத ஒரு சின்ன வாத்திய இசை அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வரும், அதுதான் அடுத்த பாட்டுக்கு வாசல். 'ப்ளூ ட்ரெஸ்' முடிவிலும் அப்படி ஒன்று உண்டு. சின்ன வடிவத்தைக் கேட்டால் இது போய்விடும். ஆப்பில் ஒரு பாட்டை இன்னொன்றோடு குழைத்துவிடும் கிராஸ்ஃபேட் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், ஷஃபிளையும்தான்.

ஒன்பது பாட்டையும் வரிசையாக, ஒரே உட்காரலில், வேறு வேலை செய்யாமல் கேட்கவேண்டும். நான் ரொம்பப் பிடிவாதமாகச் சொல்வது இதை மட்டும்தான். பதினாறு வயதில் நம்மிடம் இருந்தது அந்தக் கவனம்தான். சத்துவாச்சாரியில் மொட்டைமாடியில் பாய் விரித்து, டூ-இன்-ஒன்னைத் தலைமாட்டில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரர் அதட்டாத அளவு சத்தத்தில் கேட்போம். ஃபார்வர்டு பண்ணினால் பேட்டரி தீரும் என்பதால் பிடிக்காத பாட்டையும் தாண்ட மாட்டோம். அதனாலேயே பிடிக்காத பாட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இப்போது காட்பாடிக்கு பஸ்ஸில் போகும்போது போனில் கேட்டால் அந்த ஆல்பம் கிடைக்காது. பஸ் இரைச்சலில் பேஸ், அதாவது கீழ் ஸ்தாயிச் சத்தம், முழுக்க அடிபட்டுப்போகும். இந்த ஆல்பத்தில் பாதி விஷயம் பேஸில் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு, ஃபேனையும் முடிந்தால் நிறுத்திவிட்டு, ஒரு நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை, ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள். இரண்டும் வேறு. ஹெட்ஃபோனில் இடம் வலம் தெரியும். ஸ்பீக்கரில் சத்தங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் தெரியும்.

அந்த வெற்றிடம்தான் இந்த முறை என்னை முதலில் பிடித்தது. நாங்கள் வளர்ந்த தமிழ் சினிமாப் பாட்டில் வயலின்கள் வரிசையாக நிற்கும், புல்லாங்குழல் குறுக்கே வரும், தபேலா நிறுத்தாது. நிறைவுதான் அழகு. 'வயலேட்டரில்' ஒரு நேரத்தில் நாலைந்து சத்தம்தான் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி இடம். குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் ஃப்ளட் என்ற பெயரில் அறியப்படும் மார்க் எல்லிஸ். பெரும்பாலான பாட்டுகளை மிக்ஸ் செய்தவர் நடன இசை உலகத்திலிருந்து வந்த பிரான்சுவா கெவார்கியன். குழுவில் மார்ட்டின் கோர் பாட்டெழுதி மெட்டுப் போட, ஆலன் வைல்டர் அதற்கு உருவம் கொடுக்க, டேவ் கஹான் பாட. ஃப்ளெட்சர் வாசித்தது குறைவு, குழுவைக் கட்டிக்காத்தது அதிகம். முதல் பாட்டான 'வேர்ல்ட் இன் மை ஐஸ்' அவருக்கு மிகவும் பிடித்தது. 2023-இல் மற்றவர்கள் மேடையேறியபோது அந்தப் பாட்டை அவருக்காகவே பாடினார்கள், பின்னால் திரையில் அவர் முகம். அது தெரிந்த பிறகு அந்தப் பாட்டை வெறும் தொடக்கமாக என்னால் கேட்க முடியவில்லை.

'பெர்சனல் ஜீசஸ்' பாட்டின் அந்த மிதி ஓசையை டிரம் மெஷின் என்றே நினைத்திருந்தோம். அது வாத்தியங்களை அடைத்துக் கொண்டுபோகும் பெட்டிகள் மேல் ஆட்கள் ஏறிக் குதித்த சத்தம். இப்போது நல்ல ஸ்பீக்கரில் கேட்டால் மரமும் காலும் தெரிகிறது. சிந்த்-பாப், அதாவது மின்னணு வாத்தியமான சிந்தசைசரை வைத்துச் செய்யும் பாப், என்றாலே உயிரில்லாத மெஷின் இசை என்று அந்தக் காலத்தில் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். "டொய்ங் டொய்ங்னு இன்னாடா பாட்டு இது" என்று எங்கள் தாத்தா கேட்பார். அவருக்கு இதைச் சொல்ல முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னும் நுணுக்கமானது 'வெயிட்டிங் ஃபார் தி நைட்'. அந்த வயதில் இது வந்தால் நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். தாளம் கிடையாது. அடியில் இரண்டு சின்னச் சுர வரிசைகள் சுழன்றுகொண்டே இருக்கும், மேலே குரல். அந்தச் சுழற்சியை ஏ.ஆர்.பி. 2600 என்ற பழைய சிந்தசைசரையும் அதன் சீக்வென்ஸரையும் வைத்துச் செய்திருக்கிறார்கள். சீக்வென்ஸர் என்பது நாம் வரிசைப்படுத்திக் கொடுக்கும் சுரங்களைத் தானாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் கருவி. ஆனால் இது கம்ப்யூட்டருக்கு முந்தைய தலைமுறைச் சாமான். ஒவ்வொரு சுற்றிலும் சுருதி மயிரிழை விலகும், காலமும் மயிரிழை விலகும். குடியாத்தம் கைத்தறி லுங்கியில் கோடுகள் விசைத்தறி மாதிரி ஒரே அச்சாக இருக்காது, தறிக்காரரின் கை தெரியும் அல்லவா, அதுபோல. அந்த விலகலைக் கேட்க வேண்டுமானால் குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் வரிசையை மட்டும் பின்தொடருங்கள். முதல் ஒரு நிமிடம் எல்லாம் ஒன்றாகத்தான் தோன்றும். அப்புறம் எந்தச் சுற்றும் இன்னொன்றைப்போல இல்லை என்பது பிடிபடும். ஒரு பாட்டில் ஒரு வாத்தியத்தை மட்டும் கடைசிவரை பின்தொடர்வது எந்தப் பழைய ஆல்பத்துக்கும் பொருந்தும் வழி. மனப்பாடமாகிவிட்ட பாட்டு அப்படித்தான் மறுபடி புதுசாகும்.

இனி 'என்ஜாய் தி சைலன்ஸ்'. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு அது. 1991-இல் பிரிட்டனின் இசை விருதுகளான பிரிட் விருதுகளில் சிறந்த பிரிட்டிஷ் சிங்கிள் என்ற பரிசும் வாங்கியது. மார்ட்டின் கோர் அதை முதலில் மெதுவான பாட்டாக, வெறும் ஆர்மோனியத்தோடு பாடித்தான் கொண்டு வந்திருக்கிறார். இதற்கு வேகமும் தாளமும் கொடுக்கலாம் என்றது ஆலன் வைல்டர். கோருக்கு அப்போது அதில் இஷ்டமில்லை, பிறகுதான் ஒத்துக்கொண்டார். அந்த ஆர்மோனிய வடிவமும் பின்னால் வெளிவந்தது, தேடினால் கிடைக்கும். ஆல்பத்தை நன்றாகக் கேட்டு முடித்த பிறகு அதைக் கேளுங்கள், முன்னால் வேண்டாம்.

நான் கேட்டபோது கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எம்.எஸ்.வி.யும் இளையராஜாவும் ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்துதான் மெட்டுப் போட்டார்கள் என்பது நமக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். பஜனை மடத்திலும் சர்ச்சிலும் பள்ளிக்கூடப் பிரார்த்தனையிலும் கேட்டு வளர்ந்த பெட்டி. எஸ்ஸெக்ஸில் பாசில்டன் என்ற ஊரில் வளர்ந்த பையன்களின் எலெக்ட்ரானிக் பாட்டுக்கு அடியிலும் அதே துருத்தி மூச்சு விட்டிருக்கிறது. நாங்கள் மொட்டைமாடியில் தலையாட்டிக் கேட்ட பாட்டு உண்மையில் எவ்வளவு துக்கமானது என்பது அந்த வடிவத்தில்தான் எனக்குப் புரிந்தது. தாளம் அதைப் போர்த்தி வைத்திருந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. பழைய சிந்த்-பாப் பாட்டு எதைக் கேட்டாலும், பிளேயரை நிறுத்திவிட்டு அதை வாயால் முனகிப் பார்ப்பேன். மெஷின் இல்லாமல் மெட்டு தனியாக நிற்கிறதா? நின்றால் அந்தப் பாட்டு இன்னும் இருபது வருஷம் கழித்தும் என்னோடு இருக்கும். நிற்காவிட்டால் எனக்குப் பிடித்திருந்தது அந்தக் காலத்து சிந்தசைசரின் சத்தம். 'வயலேட்டரில்' கிட்டத்தட்ட எல்லாமே நிற்கிறது. 'ஹேலோ' நிற்கிறது, 'பாலிசி ஆஃப் ட்ரூத்' நிற்கிறது. அந்த வயதில் எனக்கு இழுவையாகத் தோன்றிய 'ஸ்வீட்டஸ்ட் பெர்ஃபெக்‌ஷன்' பிரமாதமாக நிற்கிறது. கஹானுக்குப் பதிலாக கோர் பாடுவது. போதையோ காதலோ என்று பிரிக்க முடியாத ஒரு அடிமைத்தனம். ஐம்பதை நெருங்கும் காதுக்குத்தான் அது இறங்குகிறது. 'ப்ளூ ட்ரெஸ்' மட்டும் எனக்கு இப்போதும் ஒட்டவில்லை. அதே காலத்தில் நான் உருகிக் கேட்ட வேறு குழுக்களின் சில பாட்டுகள் இந்தச் சோதனையில் தேறவில்லை. பெயர் சொல்ல மனசில்லை, அவையும் எனக்கு அன்பானவைதான்.

வரிகளைப் பற்றி ஒன்று. தமிழ் வழியில் படித்த எனக்கு அப்போது பாதி வரிகள் புரியவில்லை. குரல் இன்னொரு வாத்தியமாகத்தான் இருந்தது. இப்போது வரிகளைத் தேடிப் படிப்பது ஒரு நிமிட வேலை. ஆனால் முதல் தடவை கேட்கும்போதே போனில் வரிகளைத் திறந்து வைத்துக்கொள்ளாதீர்கள். கண் முன்னால் ஓட, காது பின்தங்கிவிடும். முதலில் காதுக்கு விடுங்கள், அப்புறம் வரிகளை உட்கார்ந்து படியுங்கள், அதன் பிறகு திரும்பக் கேளுங்கள். அப்படித் திரும்பக் கேட்கும்போதுதான் அன்று நாம் இட்டுக்கட்டிய அர்த்தங்களும் நிஜ வரிகளும் ஒன்றோடொன்று உரசும். சில இடங்களில் எங்கள் கற்பனையே எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

அன்று கூடக் கேட்டவரை ஃபோனில் கூப்பிடுங்கள். மேல்விஷாரத்து நண்பன் இப்போது ஷூ உதிரி பாகங்கள் வியாபாரம் செய்கிறான். அவனிடம் பேசியபோது ஒரு விஷயம் தெரிந்தது. அவனிடம் இருந்த ஒரிஜினல் கேசட்டில் முதல் பக்கம் ஐந்து பாட்டு, 'வெயிட்டிங் ஃபார் தி நைட்' முடிந்ததும் எழுந்துபோய்க் கேசட்டைத் திருப்ப வேண்டும். திருப்பிப் போட்டால் 'என்ஜாய் தி சைலன்ஸ்' தொடங்கும். அவனுக்கு அது ஒரு புது ஆரம்பம். எனக்கோ எல்லாம் ஒரே பக்கத்தில். இரவின் அந்த அரைத்தூக்கத்திலிருந்து நேராக இந்தப் பாட்டுக்குள் விழுவேன். "டேய், எனக்கு அது செகண்ட் சைடு ஃபர்ஸ்ட் பாட்டுடா, நீ என்னவோ நடுவுல வருதுன்ற" என்றான். ஒரே ஆல்பம், இரண்டு பேருக்கும் வேறு வேறு உருவம். ஸ்ட்ரீமிங்கில் கேட்கிற என் மகளுக்கு மூன்றாவது உருவம். அவள் இரண்டு பாட்டு கேட்டுவிட்டு, "பேஸ் சூப்பரா இருக்குப்பா. ஆனா இவரு ஏன் இவ்ளோ சோகமா இருக்காரு?" என்றாள். 'ஹேலோ'வை மட்டும் தன் லிஸ்டில் சேர்த்துக்கொண்டாள். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுக்கலாம். நாம் அழுத இடத்தில் அவர்களும் அழ வேண்டும் என்று எதிர்பார்த்தால் ஆல்பம் இரண்டு பேருக்கும் கெட்டுவிடும்.

'க்ளீன்' பாட்டை முழுசாகக் கேட்டது எப்படி இருந்தது என்று நண்பன் கேட்டான். அவனுக்கு அது எப்போதும் முழுசாகவே இருந்தது. பாட்டின் கடைசியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடியபடி அது அடங்குகிறது. என் காது இன்னும் அந்த டக் சத்தத்துக்குத் தயாராகத்தான் இருக்கிறது. அந்த இடம் நெருங்கும்போது தோள் இறுகுகிறது. சத்தம் வராமல் பாட்டு அதைத் தாண்டிப் போகும்போது ஒவ்வொரு முறையும் ஒரு சந்தோஷம் வருகிறது. இது கேசட்டில் கேட்டு வளர்ந்த ஒருவனுக்கு மட்டும் கிடைக்கும் சந்தோஷம், என்னிடமிருந்து இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஐம்பது வயதில் மேல் ஸ்தாயி ஒலிகள் காதுக்குக் கொஞ்சம் குறைந்துதான் கேட்கும், அது இயற்கை. பதினாறில் கேட்ட பளபளப்பு வரவில்லையே என்று ஹெட்ஃபோனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். அந்தப் பளபளப்பு அதனால் வராது, இருக்கிற காதும் போகும். மிதமான சத்தத்தில் வைத்து இரண்டு பாட்டு பொறுத்திருங்கள், காது தானாகப் பழகிக்கொள்ளும்.

இந்த ஆல்பத்தைப் புதுசாகத் தொடங்குகிறவர்கள் இதற்கு முந்தைய 1987-ஆம் ஆண்டு ஆல்பமான 'மியூசிக் ஃபார் தி மாஸஸ்' கேட்டுவிட்டு இதற்கு வந்தால் எவ்வளவு சத்தத்தை இவர்கள் எடுத்து ஓரம் வைத்தார்கள் என்பது தெரியும். அதன் ஒரிஜினல் கேசட்டும் நண்பனின் அண்ணனிடம் இருக்கிறதாம், பிளேயர்தான் ஓடவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை மேல்விஷாரம் போகிறேன். பஞ்சு, ஆல்கஹால், சின்ன ஸ்க்ரூடிரைவர் எல்லாம் பையில் வைத்தாயிற்று. லாங் பஜார் பெரியவர் இரண்டு பெல்ட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறார்.